தெற்குக் கம்பிக்கு ஓர் ஆள்

கடலோர முன்னெச்சரிக்கைக் கோபுர வாரியத்துக்கு ஒரு பெருமை உண்டு. தொடங்கிய நாளிலிருந்து ஒரு புயலைக்கூட அது தவறவிட்டதில்லை. ஒவ்வொரு புயலும் கடந்து போனபிறகு அதைப் பற்றி வண்ணப்படங்களுடன் விரிவான அறிக்கை வெளியிட்டிருக்கிறது. செங்கல்பட்டில் ஏரியைப் பார்த்த மூன்று மாடிக் கட்டடத்தில் வாரியம் இயங்குகிறது. இயங்குகிறது என்பது வாரியம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. அதில் நமக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை.

அதிகாரிகள், எழுத்தர்கள், ஜீப்புகள், குளிர்சாதனப் பெட்டிகள் என்று அங்கே எல்லாம் பன்மையில் இருந்தாலும் கோபுரம் என்னவோ ஒன்றுதான். திருவிடந்தைக்குத் தெற்கே, ஈசிஆர் கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்த்துப் போகும் மண் பாதையின் முடிவில், ஒரு குப்பத்தின் ஓரமாக அது நிற்கிறது. உச்சியில் சைரன். தன் காலில் நிற்கத் தெரியாத ஒல்லிக் கோபுரம். மூன்று பக்கமும் கம்பி கட்டித் தரையோடு இழுத்துப் பிடித்திருப்பதால் நிற்கிறது.

இளநிலைப் பொறியாளர் பரணிதரன்தான் அதற்குப் பொறுப்பு. பொறுப்பு என்று யாராவது சொன்னால் உண்மையாகவே எடுத்துக்கொள்கிற சுபாவம் அவனுக்கு. அரசு அலுவலகத்தில் அது ஒரு வியாதி. அவன் மனைவி ஸ்ரீதேவி பள்ளிக்கூட ஆசிரியை. “உங்களுக்கு மட்டும் ஏங்க எல்லாம் உறுத்துது?” என்று அவள் பலமுறை கேட்டிருக்கிறாள்.

ஆடிக் காற்று ஓய்ந்த ஒரு நாள் பரணிதரன் தெற்குக் கம்பியின் அடியில் குந்தி உட்கார்ந்து பார்த்தான்.

கம்பியை விறைப்பாக வைத்திருப்பது டர்ன்பக்கிள் என்கிற இரும்புச் சாமான். நடுவில் நீளமாக ஒரு சட்டம், இரண்டு முனையிலும் எதிரெதிராக மரை வெட்டிய திருகுகள். சட்டத்தைச் சுற்றினால் இரண்டு திருகும் உள்ளே வரும், கம்பி விறைக்கும். முனையில் கொக்கி வைத்தது உண்டு. குறுக்கே ஆணி போட்டு மூடுகிற தாடை வைத்ததும் உண்டு. கொக்கி, துணி காயப்போடுகிற கம்பிக்குப் போதும். கோபுரத்துக்குத் தாடைதான் போடவேண்டும், அதுவும் காய்ச்சி அடித்துச் செய்து துத்தநாகத்தில் முக்கி எடுத்தது. வாரியம் எதைப் போட்டிருந்தது என்று சொல்லத் தேவையில்லை. உப்புக்காற்றில் துருவேறி, அந்தக் கொக்கி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மரையும் முழுக்க உள்ளே வந்துவிட்டது. இனிச் சுற்றி இறுக்க இடமில்லை.

கோபுரத்துக்கு வடக்கே ஜாக்குலினின் வீடு. வீட்டு முன்பக்கமே நாஸ்தா கடை. இட்லிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவள் வந்தாள்.

“இன்னா சார், அப்படிப் பாத்துகினு கீற? கம்பி இன்னாவாம்?”

“இது விட்டுச்சுன்னா கோபுரம் வடக்கே சாயும், அக்கா.”

வடக்கே என்னென்ன இருக்கிறது என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அவள் வீட்டைத் தவிர வேறொன்றும் இல்லை.

“உள்ள எம் பொண்ணு கீது சார். பிரசவத்துக்கு வந்துகீது.”

“கொஞ்ச நாள் வேற எங்கேயாவது போய் இருக்க முடியுமா?”

“புள்ளத்தாச்சிய இஸ்துகினு எங்க போறது? நீ அந்தக் கம்பிய சரி பண்ணிடு சார். அதான் சுளுவு.”

சுளுவுதான். புது டர்ன்பக்கிள் ஒன்று வாங்கி மாட்டினால் அரை நாள் வேலை. பரணிதரன் அன்றே அலுவலகம் திரும்பிக் குறிப்பு எழுதினான்: ‘தெற்கு ஸ்டே தளர்ந்துவிட்டது. உடனே இறுக்கவேண்டும்.’ லைன்மேன்கள், கேபிள்காரர்கள், பந்தல்காரர்கள் என்று உலகத்தில் எல்லாரும் அந்தக் கம்பியை ஸ்டே என்றுதான் சொல்கிறார்கள். வாரியம் உலகத்தில் இல்லை என்பதை அவன் ஒரு கணம் மறந்துவிட்டான். கோப்பு நேராகச் சட்டப் பிரிவுக்குப் போயிற்று.

சட்ட அலுவலர் பாஷ்யம் அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

“ஸ்டே தளர்ந்துடுத்துன்னு எழுதியிருக்கீரே, என்ன அர்த்தம்? எதிராளி ஸ்டேயை நீக்கச் சொல்லி வெக்கேட் பெட்டிஷன் போட்டுட்டானா?”

“சார், இது கோர்ட் ஸ்டே இல்லை. கம்பி.”

“கம்பியோ கட்டடமோ, சொத்து எதுவானா என்ன? ஸ்டே ஸ்டேதான். வாங்கினது யாரு, நாமளா அவாளா?”

“யாரும் வாங்கலை சார். கோபுரம் விழாம இருக்கறதுக்காகக் கட்டியிருக்கு.”

“அப்போ நாமதான் வாங்கியிருக்கோம்.” பாஷ்யம் திருப்தியோடு கண்ணாடியைக் கழற்றினார். “ஸ்டே நிலுவையில இருக்கற சொத்தை யாரும் தொடப்படாது. நீர் அதுல கை வச்சேர்னா கோர்ட் அவமதிப்பு. ஜெயிலுக்குப் போவீர், பாத்துக்கும்.”

கம்பியைத் தொடக்கூடாது என்று அவனுக்கு எழுத்து மூலம் உத்தரவு வந்தது. பரணிதரன் வேறு வார்த்தை தேடினான். பொறியியல் புத்தகத்தில் அந்தக் கம்பிக்கு ‘கை ஒயர்’ என்று பெயர். அப்படி எழுதி அனுப்பினான். கை என்பது தேர்தல் சின்னம், அரசுக் கோப்பில் வரக்கூடாது என்று ஆட்சேபணை வந்தது. பிறகு ஆட்சிமொழிக் குழு கூடியது. இந்தக் ‘கை’ இங்கிலீஷ் சொல் (guy) என்று அகராதியில் பொருள் பார்த்தார்கள். ‘ஆள், பயல்’ என்று போட்டிருந்தது. பயல் மரியாதைக் குறைவு என்று கருதி, ‘ஆள் கம்பி’ என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். குழுவுக்கு முந்திரி பக்கோடா கொடுக்கப்பட்டது.

அதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. கொக்கி இன்னும் கொஞ்சம் பிளந்திருந்தது.

புதுப் பெயரோடு கோப்பு தணிக்கைப் பிரிவுக்குப் போனது. தணிக்கையாளர் வேறெந்த ஊரிலிருந்தோ வந்து, வேறெதையோ பார்த்துவிட்டுப் போகிறவர். அவர் எழுதினார்: ‘தெற்கு ஆள் கம்பிக்கு உரிய ஆள் தலத்தில் இல்லை.’

செயல் இயக்குநர் வாசுதேவன் அவசரக் கூட்டம் கூட்டினார். பெரிய மனிதர், பெரிய குரல். பேசும்போது எதிரே இருப்பவர்களைப் பார்க்கமாட்டார். சுவரில் மாட்டியிருக்கும் தம் படத்தைப் பார்ப்பார்.

“இத்தனை வருஷமா ஆளே இல்லாம ஆள் கம்பியை வச்சிருந்திருக்கோம். எவ்வளவு பெரிய அலட்சியம்! நாளைக்கு மக்கள் என்னைக் கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்? இதுவரைக்கும் மக்கள் என்னை எதுவும் கேட்டதில்லை. அந்த நல்ல பெயரைக் காப்பாத்தணும்.”

“ஐயா, அது மொழிபெயர்ப்புல வந்த வார்த்தை,” என்றான் பரணிதரன். “ஆள்னு அங்கே யாரும் கிடையாது.”

“யாரும் கிடையாதுங்கறதுதானே ஐயா ஆட்சேபணையே!” என்றார் வாசுதேவன்.

கூட்டம் சிரித்தது. பரணிதரனுக்குக் காது சிவந்துவிட்டது.

‘ஆள்’ என்றொரு தற்காலிகப் பணியிடம் அன்று மாலையே உருவானது. டர்ன்பக்கிள் ஒன்று வாங்க முடியாத வாரியம் ஒரு மனிதனை ஒரே மாலையில் உண்டாக்கிவிட்டது. ஆனால் புதிதாக யாரையும் வேலைக்கு எடுக்கத் தடை இருந்தது. ஆகவே பணியிடம் மட்டும் உண்டு, ஆள் கிடையாது, சம்பளமும் கிடையாது. கண்காணிப்பாளர் லோகநாயகி கணினி முன் உட்கார்ந்து உதட்டைப் பிதுக்கினாள்.

“பேர் இல்லாம சாஃப்ட்வேர் எடுக்க மாட்டேங்குது சார். ஏதாவது ஒரு பேர் சொல்லுங்க.”

எல்லாரும் அவரவர் கோப்பில் குனிந்தார்கள். அவளே ‘கருப்பன்’ என்று தட்டினாள். ஏன் அந்தப் பெயர் என்று பின்னால் பரணிதரன் கேட்டபோது அவள் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். “விரல்ல வந்துச்சு சார்” என்றாள்.

நியமன ஆணையை நேரில் கொடுக்கவேண்டும் என்பது விதி. கடைநிலை ஊழியர் வராந்தாவில் நின்று, நீதிமன்றத்தில் கூப்பிடுவதுபோல, “கருப்பன்... கருப்பன்... கருப்பன்...” என்று மூன்று முறை உரக்கக் கூப்பிட்டார். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்து கதவைத் தள்ளியது. வேறு யாரும் வரவில்லை.

“மறுப்பு ஏதும் வரலை,” என்றார் வாசுதேவன். “பணியில் சேர்ந்ததாகப் பதிவு பண்ணுங்க.”

மறுநாள் காலை கருப்பனுக்காகப் போட்டிருந்த நாற்காலியின் அடியில் ஈர மணல் கிடந்தது. பெருக்குகிற அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே வாரிக் கொட்டினாள். அடுத்த நாளும் கிடந்தது. கடற்கரையிலிருந்து பதினைந்து மைலுக்கு மேல் உள்ளே இருக்கிற அலுவலகத்துக்கு மணல் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் கோப்பு துவங்கவேண்டியிருக்கும்.

பரணிதரன் கேட்ட பொருள் ஐப்பசியில் ஒரு நாள் பார்சலில் வந்தது. ஆசையோடு பிரித்தான். உள்ளே இடுப்பில் கட்டுகிற பெல்ட் ஒன்று இருந்தது.

“ஆள் கம்பிக்கு டர்ன்பக்கிள்னு எழுதியிருந்தீங்க,” என்றாள் லோகநாயகி. பொருள் கிடங்கும் அவள் பொறுப்புதான். “கம்பிக்கு எதுக்கு சார் பக்கிள்? ஆளுக்குத்தானே பக்கிள். அலைஞ்சு திரிஞ்சு வாங்கினோம். பாருங்க, பக்கிளைத் திருப்பினா கறுப்பு, இன்னொரு தரம் திருப்பினா பழுப்பு. நீங்க கேட்ட மாதிரியே திருப்புற பக்கிள்.”

அவளிடம் கோபித்துக்கொள்ள அவனால் முடியவில்லை. அவள் உண்மையாகவே அலைந்திருந்தாள். பெல்ட்டைக் கிடங்கிலேயே வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் ரயிலேறிப் பாரிமுனைக்குப் போனான். இரும்புச் சாமான் கடைக்காரர் கொக்கி, வளையம், தாடை என்று மூன்று வகையை எடுத்து மேசையில் போட்டார்.

“ஹூக்கா, ‘ஐ’யா, ‘ஜா’வா? இன்னாத்துக்கு அண்ணாத்த, பந்தலுக்கா?”

“கோபுரத்துக்கு. ஜா வச்சது குடுங்க. காய்ச்சி அடிச்ச ஃபோர்ஜ்டா இருக்கணும்.”

“கவர்மெண்டா? கவர்மெண்டுல ஹூக்குதானே வாங்கினு போவாங்க!”

அவன் கையிலெடுத்துப் பார்த்தான். மரை சுத்தமாக ஓடியது. தாடையின் ஆணி சிக்கென்று உட்கார்ந்தது. சுற்றியபின் தானாகக் கழன்றுகொள்ளாமல் இருக்க, சட்டத்துக்குள் கோர்த்துக் கட்டும் கம்பியும் சேர்த்து வாங்கினான். ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது மனம் லேசாகிவிட்டது. இவ்வளவுதான் விஷயம், இதற்கா இத்தனை மாதம் என்று நினைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை அலுவலக ஜீப் கேட்கப் போனபோது அவன் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். தனியார் பொருளை அரசுச் சொத்தில் மாட்ட முயன்றது, பக்கிள் ஏற்கெனவே வழங்கப்பட்டிருக்க இரண்டாவது பக்கிள் வைத்திருந்தது என்று இரண்டு குற்றம். டர்ன்பக்கிள் பறிமுதலாகி, அரக்கு முத்திரையோடு பீரோவுக்குள் போயிற்று. ஸ்டே வழக்கு முடியும்வரை வெளியே எடுக்கக்கூடாது என்று பாஷ்யம் எழுதினார். எந்த வழக்கு என்று அவருக்கும் தெரியாது.

அன்று பகல் ஜாக்குலின் போன் செய்தாள். அவள் குரல் வழக்கம்போல இல்லை.

“சார், நீ வந்து கம்பிய இறுக்கிட்டுப் போனியா?”

“இல்லையே, அக்கா.”

“அப்ப நீ வந்து பாரு.”

போனான். தெற்குக் கம்பி நாண் போல் விறைத்து நின்றது. பிளந்த கொக்கியின் மேல், தரை வளையத்தையும் சேர்த்து, ஒரு பெல்ட் சுற்றியிருந்தது. கறுப்புப் பக்கம் வெளியே. கிடங்கில் பூட்டி வைத்த அதே பெல்ட். ஓர் ஆட்டை இழுக்கவே வலு போதாத தோல்வார் அது. கோபுரத்தை இழுத்துக்கொண்டிருந்தது. பரணிதரன் பக்கத்தில் போகப் போக, கனமான மூட்டையைத் தூக்கி நிற்பவனின் மூச்சு காதருகில் கேட்டது. நடுப்பகல் வெயிலில் அவன் சட்டென்று நின்றுவிட்டான். பயந்தான். வெட்கமில்லாமல் பயந்தான்.

“யாரு இது?” என்றான், ஜாக்குலினைப் பார்க்காமல்.

“எனக்குத் தெரியும்னா கேக்குற? ரெண்டு நாளா கீது. தெக்கால ஆரோ நிக்கிற மாரி தெரியும், போய்ப் பாத்தா ஒண்ணியும் இல்ல. பாவமா இருந்துச்சு, தட்டுல நாலு இட்லி வச்சிட்டு வந்தேன். அப்படியே கீது சார். கை ஒழியல போலகீது.”

அந்த வாரம் அவள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

இதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது. கோபுரம் பாட்டுக்கு நின்றிருக்கும். ஆனால் வாரியத்தில் முகப்பதிவு இயந்திரம் என்று ஒன்று மாட்டியிருந்தார்கள். ஊழியர்கள் தினமும் காலையில் அதன் முன் முகத்தைக் காட்டவேண்டும். காட்டினால், “நன்றி” என்று சொல்லிப் பெயரையும் சொல்லும். கருப்பன் முகம் காட்டாததால் அவனுக்கு விளக்கம் கேட்டு மெமோ போனது. நாற்காலியின் மேல் வைத்துவிட்டு வந்தார்கள்.

அடுத்த நாள் காலை, வராந்தாவில் ஒருவரும் இல்லாதபோது, இயந்திரம் தெளிவான பெண்குரலில் சொன்னது: “நன்றி, கருப்பன்.”

லோகநாயகிக்கு முதலில் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு மூன்று நாளில் பழகிவிட்டது. “இந்த ஆபீஸ்லயே டயத்துக்கு வர்றவர் அவர் ஒருத்தர்தான்” என்று எல்லாரிடமும் சொன்னாள். ஆனால் பரணிதரனுக்குத் தினமும் அந்த நேரத்தில் ஜாக்குலினிடமிருந்து போன் வந்தது.

“சார், காலையில கொஞ்ச நேரம் கம்பி தொளதொளன்னு ஆயிடுது. கோபுரம் அசையுது சார். அப்பாலிக்கு ஆரோ ஓடியாந்து புடிச்ச மாரி டக்குனு நின்னுடுது. வூட்டுல பச்சப் புள்ள கீது. நீ இன்னான்னு பாரு சார்.”

பரணிதரன் வாசுதேவனின் அறைக்கு ஓடினான்.

“ஐயா, கருப்பனுக்குக் காலை வருகையிலிருந்து விலக்குக் குடுங்க. அவர் இங்கே வர்ற நேரத்துல கம்பியைப் பிடிக்க ஆள் இல்லை.”

தான் என்ன சொல்கிறோம் என்பது அவனுக்கே கேட்டது. ஆனாலும் திருத்திக்கொள்ளவில்லை. வாசுதேவனும் திகைக்கவில்லை. ஓர் ஊழியருக்குச் சலுகை கேட்கிறார்கள் என்ற அளவில்தான் அவருக்கு அது புரிந்தது.

“பரணிதரன், ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. வேலை வேற, வருகை வேற. வேலையை யார் வேணும்னாலும் செய்யலாம். வருகையை அவனவன்தான் குடுக்கணும். என்னையே எடுத்துக்கோங்க. முப்பது வருஷ சர்வீஸ்ல நான் என்ன வேலை செஞ்சேன்னு யாராவது சொல்ல முடியுமா? முடியாது. ஆனா ஒரு நாள் ஆப்சென்ட் உண்டா?”

“கோபுரம் விழுந்தா அந்த வீடு...”

“விழுந்தா அறிக்கை குடுப்போம். அதுக்குத்தானே இருக்கோம்.”

கார்த்திகையில் புயல் வந்தது. கல்பாக்கம் டவுன்ஷிப் பஸ்களை நிறுத்திவிட்டார்கள் என்று டிவி சொன்னது. பள்ளிகளுக்கு விடுமுறை, ஸ்ரீதேவி வீட்டில் இருந்தாள். வாரியத்தில் கட்டுப்பாட்டு அறை திறந்தார்கள். எல்லா ஊழியரும், குறிப்பாகக் களப்பணியாளர் கருப்பன், காலை முதல் மாலை வரை மணிக்கு ஒருமுறை இயந்திரத்தில் முகம் காட்டவேண்டும் என்று ஆணை. கடலோரத்தைக் கண்காணிப்பதற்காக எல்லாரையும் கடலோரத்திலிருந்து அப்புறப்படுத்தி ஏரிக்கரையில் உட்காரவைத்தார்கள். சைரன் ஊதுவதற்கான ஒப்புதல் மேலிடத்திலிருந்து வரவேண்டியிருந்தது. புயல் போன மறுவாரம் அது வந்து சேர்ந்தது.

இயந்திரம் முதல் முறை “நன்றி, கருப்பன்” என்றதும் பரணிதரனின் போன் அடித்தது. காற்றுச் சத்தத்துக்கு நடுவில் ஜாக்குலினின் கத்தல் மட்டும் வந்தது, வார்த்தை வரவில்லை. பரணிதரன் வராந்தாவுக்குப் போனான். வாழ்க்கையில் ஒரு தடவைகூட விதி மீறாதவன், இயந்திரத்தின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தான். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். புயல் தெற்கே எங்கோ கரையேறியது. காற்று திரும்பித் தெற்கிலிருந்து அடித்தது. கோபுரத்தின் முழு பாரமும் அந்த ஒற்றைக் கம்பிக்கு வந்தது.

“நிக்குது சார்,” என்றாள் ஜாக்குலின், ரொம்ப நேரம் கழித்து. “அழுவுற மாரி சத்தம் வருது. ஆனா நிக்குது.”

பரணிதரன் வராந்தாத் தரையில் உட்கார்ந்தபடியே அழுதான்.

கோபுரம் நின்றது வாரியத்துக்கே ஆச்சரியமாக இருந்தது. விழா எடுத்தார்கள். கோபுரத்தின் அடியில், தெற்குக் கம்பியின் பக்கத்திலேயே, சாமியானா போட்டு மைக் வைத்தார்கள். குப்பத்து ஜனங்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். வாசுதேவனுக்கு வாசுதேவன் சார்பாகப் பொன்னாடை போர்த்தப்பட்டது.

“இந்தக் கோபுரம் எதனால் நின்றது?” என்று அவர் மேடைத் தமிழில் முழங்கினார். “கட்டுப்பாட்டு அறையால் நின்றது! நாங்கள் அனைவரும் அங்கே இருந்தோம். ஒரே ஒருவர் மட்டும் இல்லை. களப்பணியாளர் கருப்பன் ஒரு முறை முகம் காட்டிவிட்டு, புயல் உச்சத்தில் இருந்தபோது காணாமல் போனார். எங்கே போனார்? யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டா மக்களைக் காப்பது? இன்று முற்பகல் முதல் கருப்பன் பணியிலிருந்து நீக்கப்படுகிறார். டர்ன்பக்கிள் கோரிய கோப்பும், கோபுரம் நன்றாக நிற்பதால், நிரந்தரமாக முடித்து வைக்கப்படுகிறது.”

எல்லாரும் கைதட்டினார்கள். பரணிதரன் மட்டும் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெல்ட்டின் பக்கிள் ஒரு துளை நெகிழ்ந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு துளை. தலைக்கு மேலே கோபுரம் முனகியது. வடக்கே, ஜாக்குலினின் வாசலில், அவள் மகள் கால் நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

“ஐயா!” என்று அவன் கத்தினான். மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. “பொறுப்பை ஒப்படைக்காம யாரையும் அனுப்ப முடியாது. விதி இருக்கு!”

வாசுதேவனின் முகம் மலர்ந்தது. முதல் தடவையாக இந்தப் பையன் புரிகிற மாதிரி பேசுகிறான்.

“உண்மைதான். யார் ஏத்துக்கறது?”

லோகநாயகி மணலைப் பார்த்தாள். பாஷ்யம் கடலைப் பார்த்தார். மற்றவர்கள் தின்பண்டப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். பக்கிள் கடைசித் துளையில் நின்றது.

“நான்,” என்றான் பரணிதரன்.

“எழுதிக்கோங்க. கருப்பன் ஒப்படைத்தார். பரணிதரன் ஏற்றுக்கொண்டார்.”

பெல்ட் அவிழ்ந்து மணலில் விழுந்தது. கம்பி அவன் இரண்டு கைக்கும் வந்து சேர்ந்தது. கோபுரத்தின் கனம் தோளில் இறங்கி இடுப்பில் உட்கார்ந்து பாதம் வரை போயிற்று. இவ்வளவு நேரம் யாரோ பிடித்திருந்த சூடு கம்பியில் இருந்தது. அவனுக்கு முன்னால் மணலில் காலடிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவசரமில்லாத காலடிகள், கடலைப் பார்த்து, நெடுநாள் கழித்துக் கையை உதறிக்கொண்டு நடக்கிறவனுடையவை. அலை வரைக்கும் போய் நின்றுவிட்டன.

விழா முடிந்தது. ஜீப்பில் ஏறும்போது வாசுதேவன் அவன் தோளைத் தட்டினார்.

“கவனமா பாத்துக்கோங்க. காலையில வருகையை மறந்துடாதீங்க.”

ஜீப்புகள் போய்ப் புழுதி அடங்கியபிறகு ஜாக்குலின் கிட்டே வந்து பார்த்தாள். அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஓடினாள். மகளையும் குழந்தையையும் மாதாகோயில் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

“எல்லாரும் வெளிய வந்துட்டோம் சார். வூட்டுல ஒண்ணியும் இல்ல. வுட்டுடு. சாய்ஞ்சா சாயட்டும், வூடு தானே, அப்பாலிக்குக் கட்டிக்கலாம். நீ வுடு சார்.”

பரணிதரன் தலையாட்டினான். விடவேண்டும் என்றுதான் நினைத்தான். விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். அவை பிரியவில்லை. ஜாக்குலின் ஒவ்வொரு விரலாகப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். இரும்பை இழுத்ததுபோல் இருந்தது.

“விடுவிப்பு ஆணை இல்லாம போக முடியாதுங்க,” என்றான் அவன். சொன்னது தன் குரல்தான் என்று தெரிந்ததும் அவன் கண்ணில் வந்த பயத்தை ஜாக்குலின் அதற்குப் பிறகு மறக்கவே இல்லை.

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. அவனுக்குக் கை ஒழியவில்லை. ஜாக்குலின் எடுத்துக் காதில் வைத்தாள்.

“நான் ஸ்ரீதேவி பேசறேன். அவர் இல்லையா?”

“வேலையா கீறாரும்மா.”

“விழா முடிஞ்சிருக்குமே. எப்ப வருவாரு?”

ஜாக்குலின் அவனைப் பார்த்தாள். அவன் கோபுர உச்சியைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்தான். குனிந்து கேட்டாள்.

“மாத்து ஆள் வந்தாத்தான் வுடுவாராம்மா,” என்றாள் ஜாக்குலின். கொஞ்சம் தயங்கினாள். “உங்க வூட்டுல வேற ஆராவது கீறாங்களா?”